டப்பாவில் எழுதிய கொழுப்பு

1998 நவம்பர் 16, திங்கட்கிழமை, விடியற்காலை நாலு ஐம்பது. இரண்டு மணியிலிருந்து தூறல். காற்று இல்லை. அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் அது கேட்டும் கேட்காமலும் விழுந்துகொண்டிருந்தபோது எங்கள் பசு கன்று போட்டது. கிடாரி. முன்னங்கால் நுனி தெரிந்ததிலிருந்து கன்று முழுதாகக் கீழே விழ இருபத்தாறு நிமிடம். மழை அளக்கும் அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். எதையும் மணி பார்த்து எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இது அந்தப் பசுவின் மூன்றாவது ஈற்று. இரண்டாவது ஈற்றில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோபம் யாருக்கும் புரியாது. அப்போது அது நன்றாகப் பால் கறந்தது, கறந்துகொண்டே இளைத்தது. விலா எலும்புகளை வாசலில் நின்றே எண்ணலாம். நானும் எண்ணினேன். மறுபடி சினை பிடிக்கப் பதினாலு மாதம் ஆயிற்று, ஐந்து சினை ஊசி ஆயிற்று. அடையாறில் இருக்கும் என் மகன் அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இன்னொரு முறை இப்படி ஆனால் வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த ஈற்றுக்குப் பின் வரும் சித்திரை பிறப்பதற்குள் சினை நிற்கவில்லையென்றால் விற்றுவிட வேண்டும். என் மனைவி தலையாட்டினாள். நானும் வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

சினை பிடிக்காத மாட்டை யார் வாங்குவார்கள் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தரகர் வருவார், மறுநாள் ஒரு லாரி வரும். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஆறு மாடுகள் அந்த லாரியில் ஏறின. லாரி எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் அல்லவா.

அன்று காலை ஒன்பது மணிக்கு நச்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று பார்க்கக் கால்நடை டாக்டர் வந்தார். முப்பது வயதுப் பெண், மொபெட்டில் மழைக்கோட்டோடு வந்து இறங்கினார். பசுவின் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஐந்து கிலோ பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே வெளிர்மஞ்சளாக, ரவையைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள்.

"சார், இனிமேல் ரெண்டு மாசத்துக்கு இது கறக்கற பால் ஏறிக்கிட்டே போகும். ஆனா அந்த அளவுக்குத் தின்ன முடியாது. உள்ள போறது எட்டு, வெளிய போறது பத்துன்னு வெச்சுக்குங்க. அந்த ரெண்டு எங்கேருந்து வரும்?"

"உடம்பிலிருந்து."

"அதான். உடம்பு கரையுது. கரையற மாடு பருவத்துக்கு வராது. அதுக்குப் பாலைக் குடுக்கறதே பெரிய பாடு, அடுத்த கன்னை எப்படி நினைக்கும்? மக்காச்சோளம், தவிடுன்னு கூட்டினா வயிறு புளிச்சுப் போயிடும். அதனால கொழுப்பு குடுக்கணும். இன்னிக்கு நூறு கிராம், பத்து நாள்ல இருநூறுக்குக் கொண்டு வந்துடுங்க. தொண்ணூறு நாள்."

எட்டும் பத்தும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்கு முன் நான் கேட்டவர்கள் எல்லாம் கண் பட்டது என்றார்கள், மாட்டுக் கொட்டகை திசை சரியில்லை என்றார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் மரியாதை வந்தது.

அடுக்களை வாசற்படியில் நின்றிருந்த என் மனைவிக்கு வேறொன்று காதில் விழுந்தது.

"ஏன்னா, கொழுப்புங்கறாளே, எதோட கொழுப்பு? கேட்டேளா?"

டாக்டர் சிரித்தார். "மாமி, பயப்படாதீங்க. இது பாமாயில். அதைச் சுண்ணாம்புச் சத்தோட சேர்த்துக் கட்டியாக்கி இருக்காங்க. மிருகக் கொழுப்பு ஒரு துளி கிடையாது."

"பாமாயில்னா எண்ணெய்ன்னு சொல்லலாமே. கொழுப்புன்னு எதுக்குச் சொல்லணும்?"

"எண்ணெயும் ஒரு கொழுப்புதான் மாமி."

எங்களுக்குக் கறந்து கொடுத்த பால்காரர் பையில் கையை விட்டு முகர்ந்து பார்த்தார். பதினோரு வருடமாக வருகிறவர், மந்தைவெளியில் வீடு. "இன்னா சார் இது, சோப்புத்தூள் மாரி நாறுது. இதுக்கு ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்தி. நேத்து கூட என் முட்டியில ஒண்ணு வெச்சுது. இதுல நீ வேற கொழுப்பு வாங்கித் துன்னக் குடுக்கற."

என் மனைவி கூடச் சிரித்துவிட்டாள். நானும் அதை அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, மணிகளைக் கொட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினேன்: 'கொழுப்பு. காலை 50 கிராம். மாலை 50 கிராம்.' கிராம் கூடக் கூட மாற்றிக்கொள்ள வசதியாக எண்களை மட்டும் பென்சிலில் எழுதினேன். சொல்லை மசியால்தான் எழுதினேன். கொட்டகைப் பலகையில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தேன். தவிட்டில் கலந்து மாட்டுக்கு வைப்பது பால்காரர் வேலை.

ஒரு பொருள் என்னவோ அதை அப்படியே எழுதுவது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கன்று போட்டுப் பத்து நாள் எங்கள் வீட்டில் பாலைத் தொடுவதில்லை. சீம்பாலும் அதற்கடுத்த நாட்களின் பாலும் கன்றுக்குப் போக மீதி பால்காரர் வீட்டுக்குப் போயிற்று. பதினோராம் நாளிலிருந்து வழக்கம்போல் தெருக்கோடிக் கோயில் அபிஷேகத்துக்கு ஒரு லிட்டர், ஏழு வீடுகளுக்கு மீதி. பசு பத்து லிட்டர் கறந்தது. இளைக்கவில்லை. அசை போடும்போது ஒரு கவளத்துக்கு எத்தனை தடவை மெல்லுகிறது என்று தினமும் சாயங்காலம் எண்ணுவேன். ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து. மாடு நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது.

பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுக்காரர் பால் வாங்கச் சொம்போடு கொட்டகைக்கே வந்துவிட்டார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், என்னைவிட மூன்று வயது சின்னவர். பலகையைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன ஓய் இது?"

நான் சொன்னேன். பாமாயில், சுண்ணாம்பு, எட்டு, பத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்கு நாலு வயிறு, இது முதல் வயிற்றில் கரையாமல் நாலாவது வயிற்றில் போய்க் கரையும், அதனால்தான் இங்கிலீஷில் இதைப் பைபாஸ் என்கிறார்கள் என்பது வரை சொன்னேன். படித்தவர் ஆயிற்றே என்று சொன்னேன். அவர் "ஓகோ, ஓகோ" என்று கேட்டுக்கொண்டு பால் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் இரண்டு வீடுகள் பால் வாங்குவதை நிறுத்தின; நான் மாட்டுக்கு ஏதோ கொழுப்பைத் தின்னக் கொடுத்துக் கெடுக்கிறேன் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அதற்கு மறுநாள் இன்னும் மூன்று. புதன்கிழமை கோயிலிலிருந்து ஆள் வந்து, "இன்னியிலேருந்து அபிஷேகத்துக்கு வேற ஏற்பாடு பண்ணியிருக்கா, மாமா தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன வேறு ஏற்பாடு? பாக்கெட் பால். நாற்பது கிராமத்துப் பால் ஒன்றாய்க் கலந்தது. அந்த நாற்பது கிராமத்து மாடுகளும் என்ன தின்றன என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை, அதனால் அது சுத்தம்.

காய்கறிக் கடையில் ஒருவர் என் முழங்கையைத் தொட்டு இரக்கத்தோடு கேட்டார். "உங்காத்து மாட்டுக்கு பைபாஸ் ஆச்சாமே? எந்த ஆஸ்பத்திரி?"

இன்னொருவர் என் முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். "மாட்டுக்கு எதுக்குக் கொழுப்பு? அதான் ஆத்துக்காரருக்கே வேணுங்கறது இருக்கே."

லாரியில் ஆறு மாடுகள் ஏறியபோது வேடிக்கை பார்த்த அதே வாய்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. தாளைக் கிழித்துவிடலாமே என்று மகன் போனில் சொன்னான். கிழித்தால் நான் ஏதோ மறைத்தேன் என்று ஆகிவிடாதா? கிழிக்கவில்லை. மசி கொஞ்சம் மங்கியிருந்த இடத்தில் மேலே இன்னொரு முறை எழுதினேன்.

அந்த வாரக் கடைசியில் பசு தீனியை மிச்சம் வைக்க ஆரம்பித்தது. முதலில் வைக்கோலை. பிறகு புல்லையும். சாணி இளகிப் பளபளத்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன், ஒரு கவளத்துக்கு நாற்பத்தாறு மெல்லல். செவ்வாய் நாற்பத்தொன்று. வியாழன் முப்பத்து மூன்று. பால் ஏழு லிட்டருக்கு இறங்கியது. டப்பாவைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தினமும் இருநூறு கிராம் சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், மாடு மட்டும் கரைகிறது. எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரியோ, அந்தப் பெண் என்னை ஏமாற்றிவிட்டாளோ என்று கூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

டிசம்பர் 12, சனிக்கிழமை. குளிக்கப் போகிற நேரத்தில் குளிக்கப் போகாமல் கொட்டகைக்குப் போனேன். பால்காரர் ஒரு சொம்பைத் தவிட்டின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வாசனை எனக்குத் தெரியாதா. நல்லெண்ணெய்.

"இது என்ன?"

அவர் சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "எண்ண சார். மாமிதான் சொன்னாங்கோ. நா இன்னா பண்றது?"

"எவ்வளவு?"

"ஒரு நாளிக்கு அரை லிட்டரு. காலீல பாதி, சாயங்காலம் பாதி."

"எத்தனை நாளாய்?"

"எல்லாத்தியும் எண்றது நீதான சார். என்னியக் கேட்டா? ஒம்போது நாள் கீதுன்னு வெச்சுக்க."

"டப்பாவில் குறைகிறதே, அது?"

அவர் கொல்லைச் சாக்கடைப் பக்கம் மோவாயைக் காட்டினார். "மாமி டெய்லி தராசுல நிறுத்து, கரெக்டா எரநூறு கிராம் கொட்டிடுவாங்கோ. நீ எடை பாப்பியாம், கணக்கு ஒதைக்கக் கூடாதாம்."

இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்கு இதைவிடக் கோபம் வந்ததில்லை. கொட்டியதற்குக் கூட அல்ல. நிறுத்துக் கொட்டியதற்கு.

அடுக்களையில் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "கத்தாதேங்கோ. அந்தப் பொண்ணே சொன்னா, எண்ணெயும் கொழுப்புதான்னு. நான் நல்ல எண்ணெயா, செக்குல ஆட்டினதா வாங்கிக் குடுத்தேன். இதுல என்ன குத்தம்?"

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பேளா? நீங்க இந்தத் தெருவுல யாரோட பேசறேள்? மழை பெய்ஞ்சா எத்தனை சென்டிமீட்டர்னு சொல்லுவேள், அவ்வளவுதான். நான்னா நாலு ஆத்துக்குப் போகணும். போன வெள்ளிக்கிழமை வெத்தலைபாக்குக்குக் கூப்பிட்டிருந்தா, போனேன். நான் கொண்டு போன திரட்டுப்பாலை யாரும் எடுத்துக்கலை. கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. அதை எண்ணினேளா?"

அதை நான் எண்ணவில்லை என்பது உண்மை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "அந்த மாடு போயிடக் கூடாதுன்னு உங்களுக்கு மட்டும்தான் இருக்கா?"

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். என் மனைவியிடம் கோபப்படவில்லை, நான்தான் எதிர்பார்த்தேன்.

"மாமி, மாடு வைக்கோலைத் தானே ஜீரணம் பண்றதில்ல. முதல் வயித்துல இருக்கற கிருமிங்கதான் பண்ணுது. பச்சை எண்ணெயை இவ்வளவு ஊத்தினா அது வைக்கோல் மேல போய்ப் படிஞ்சுக்கும், கிருமிங்களும் செத்துடும். அப்புறம் எதைத் தின்னாலும் செரிக்காது, திங்கவும் பிடிக்காது. இந்தத் தூள் அந்த வயித்துல கரையாமத் தாண்டிப் போயிடும். ரெண்டும் கொழுப்புதான், ஆனா ஒண்ணு வயித்தை அடைக்கும், ஒண்ணு அடைக்காது."

"நீ இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா" என்றாள் என் மனைவி.

"ஆமாம் மாமி. சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவருக்கு இரண்டு பங்கு பீஸ் கொடுக்கலாம். தெருவில் யாரும் அன்றுவரை என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் என் மனைவியிடம் சொன்னதில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

எண்ணெய் நின்றது. புதுப் பை வந்தது. ஐந்தாம் நாள் மெல்லல் ஐம்பதுக்கு ஏறியது. இம்முறை தூளை நானே நிறுத்து நானே கலந்தேன். ஆனால் ஒன்பது நாள் போனது போனதுதான், கன்று போட்ட மாட்டுக்கு அந்த ஒன்பது நாள் சும்மா நாள் அல்ல. முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டியது. மார்கழி முழுவதும் கோலம் போடுகிற நேரத்துக்குக் கொட்டகையில் போய், மாடு பருவத்துக்கு வந்ததா என்று வாலைத் தூக்கிப் பார்ப்பது என் வேலையாயிற்று. எழுபத்தொரு வயதில் ஒருவன் செய்கிற காரியம் அல்ல. வேறு யார் செய்வார்கள்?

ஜனவரி 30, கன்று போட்டு எழுபத்தைந்து நாள் கழித்து, மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தது. "நைனா, கத்துதுடா" என்று பால்காரர் என்னையே கூப்பிட்டார், சந்தோஷத்தில் யாரைக் கூப்பிடுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "ஓய், மனுஷா தூங்க வேண்டாமா?" என்று குரல் வந்தது. அன்றே சினை ஊசி போட்டாயிற்று. சினை நிற்காவிட்டால் மறுபடி கத்தும் என்று இருபத்தொரு நாள் எண்ணினேன். இருபத்தொன்றாம் நாள் மாடு கத்தவில்லை. இருபத்திரண்டாம் நாளும் இல்லை. இருந்தாலும் கை விட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் 10, சனிக்கிழமை, வருடப் பிறப்புக்கு நாலு நாள் முன்பு பார்த்தார். தோள்வரை கையுறை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது மூச்சில், "நின்னுடுச்சு சார். எழுபது நாள் சினை" என்றார். மகனுக்குப் போன் செய்தேன். "சரிப்பா, அப்ப இருக்கட்டும்" என்றான். ஒரு உயிர் லாரியில் ஏறாமல் தப்பியதற்கு அவ்வளவுதான் வார்த்தை.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே வேண்டியிருக்காது.

அன்று சாயங்காலம் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்த என் மனைவி சொன்னாள். "எல்லாரும் கேட்டா. ஊசி போட்ட முதல் தடவையே நின்னுடுத்தேன்னு ஆச்சரியப்பட்டா. நான் நல்லெண்ணெய் குடுத்ததைச் சொன்னேன்."

"அதை நிறுத்தியதைச் சொன்னாயா?"

"சொல்றதுக்குள்ள தீபாராதனை ஆயிடுத்து."

ஒரு வாரத்தில் அபிராமபுரத்திலிருந்து ஆழ்வார்பேட்டை வரை செய்தி ஆயிற்று. கொழுப்பு கொடுத்து மாடு படுக்கப் போயிற்றாம். மாமி சமயத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் காப்பாற்றினாளாம். முதல் ஊசியிலேயே சினையாம். நின்றுபோன ஐந்து வீடுகளில் மூன்று மறுபடி சொம்போடு வந்தன. எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி, "போகட்டும் மாமா, எல்லாரும் தப்புப் பண்றதுதான்" என்று ஒரு அம்மாள் சொன்னாள். நான் அவள் சொம்பில் பால் ஊற்றினேன்.

ஆனால் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பெருமையாகச் சொன்னது வேறு. கோடம்பாக்கத்தில் அவர் தமக்கை வீட்டு மாடும் கன்று போட்டு இருபது நாளாம். தினம் முக்கால் லிட்டர் நல்லெண்ணெய் ஊற்றச் சொல்லிவிட்டாராம். அரை லிட்டருக்கே இந்தப் பலன் என்றால் முக்கால் லிட்டருக்கு இன்னும் நல்லது அல்லவா. கணக்கு அவருக்கும் வரும்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அந்த வீட்டில் அந்த அம்மாள் மட்டும் இருந்தாள். யார் என்று சொன்னதும், "நீங்கதானா மாமா? நீங்க வருவேள்னு தம்பி போன் பண்ணிச் சொல்லிட்டான். அந்தத் தூளுக்கு உங்களுக்குக் கமிஷன் உண்டாமே" என்றாள், விரோதமாக அல்ல, விசாரிக்கிற குரலில். நான் மாட்டின் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் அது அசையே போடவில்லை. பிறகு போட்டது. இருபத்தொன்பது மெல்லல். இன்னொரு கவளம், இருபத்தேழு. நான் வாய்விட்டு எண்ணினேன், அவளும் பக்கத்தில் நின்று எண்ணினாள். ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்றேன். சாணியைக் காட்டினேன். வைக்கோல் மிச்சத்தைக் காட்டினேன். இன்னும் ஒரு வாரம் ஊற்றினால் இது அடுத்த கன்று போடாது, பிறகு எந்த லாரி வரும் என்று உங்களுக்கே தெரியும் என்றேன்.

அவள் முகம் மாறியது. உள்ளே போய் எண்ணெய்ச் சொம்பைக் கொண்டுவந்து என் எதிரிலேயே கவிழ்த்து வைத்தாள்.

"நிறுத்திடறேன் மாமா. உங்க டாக்டரையும் வரச் சொல்றேன். ஆனா ஒண்ணு. கொழுப்பு மட்டும் வேண்டாம்."

டாக்டர் வந்தால் அவர் பேசிக்கொள்ளட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். தூள், சாக்கடையில் போன தூள், நல்லெண்ணெய், டாக்டர், ஊசி, நின்றுபோன பாலை டீக்கடைக்குக் குறைத்து விற்றது, கோடம்பாக்கம் போக வர ஆட்டோ, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.